மூன்று மாதம் பி.சி.ஏ.ஏ. குடித்துப் பார்த்ததில்

மூன்று மாதமாக, நடுவில் நிறுத்திய இரண்டு வாரம் தவிர, ஜிம்முக்குப் போன ஒவ்வொரு நாளும் பி.சி.ஏ.ஏ. பவுடர் (புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களில் மூன்றை மட்டும் கலந்து, தசைக்கு என்று விற்பது) ஒரு ஸ்கூப் கலக்கிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டில் புரதம் போதுமான அளவு இருந்தால் இது தேவையே இல்லை, போதவில்லை என்றால் அந்தக் குறையை இது தீர்க்காது.

முதலில் டப்பா. தர்ப்பூசணி ஃப்ளேவர். ஒரு ஸ்கூப்பில் 7 கிராம் அமினோ அமிலம், 2:1:1 விகிதம், அதாவது லூசின் 3.5 கிராம், ஐசோலூசினும் வேலினும் 1.75 கிராம் வீதம். தண்ணீரில் கொட்டியதும் பாதி மேலேயே மிதக்கும். எவ்வளவு குலுக்கினாலும் ஷேக்கர் மூடியின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அதை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பாருங்கள், ஒரே கசப்பு. லூசின் அப்படித்தான், தண்ணீரில் லேசில் கரையாது, இயல்பிலேயே கசக்கும், அதை அமுக்கத்தான் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பும் புளிப்புக்குச் சிட்ரிக் அமிலமும் இவ்வளவு போடுகிறார்கள். கலக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி குலுக்கினால் கொஞ்சம் பரவாயில்லை. முதல் இரண்டு மடக்கு நன்றாகவே இருக்கும், அப்புறம் அந்தப் போலி இனிப்பு தொண்டையில் நின்றுவிடும். லேபிளில் கலோரி பூஜ்யம் என்று போட்டிருந்தது, அதுவும் சரியில்லை. அமினோ அமிலமும் கிராமுக்குக் கிட்டத்தட்ட 4 கலோரி தரும். வெறும் வயிற்றில் பயிற்சி செய்யும்போது இதைக் கணக்கிலேயே சேர்க்காமல் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது.

சரி, தசைக்கு வருவோம். நம் உடம்புப் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அதில் 9 வகையை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பி.சி.ஏ.ஏ. என்பது அந்த ஒன்பதில் மூன்று மட்டும். லூசினுக்கு ஒரு தனி வேலை உண்டு என்பது உண்மை, தசை செல்லுக்குள் எம்டார் என்ற அமைப்பைத் தூண்டி, புதுப் புரதம் உருவாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. விளம்பரம் முழுக்க இந்த ஒரு வரியை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் வேலை தொடங்கினால் மட்டும் போதுமா? மீதி ஆறும் எங்கிருந்து வரும்? வெளியிலிருந்து வரவில்லை என்றால் உடம்பு ஏற்கெனவே இருக்கும் புரதத்தை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதில் பெரும்பங்கு தசைதான். தசையைக் காப்பாற்றக் குடிக்கிறோம் என்று நினைத்துக் குடிக்கிற பொருளுக்கு, மூலப்பொருள் அதே தசையிலிருந்து வருகிறது. ராபர்ட் உல்ஃப் என்ற ஆய்வாளர் 2017இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பி.சி.ஏ.ஏ. மட்டும் குடித்தால் தசை வளரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று இதைத்தான் விளக்கினார். அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வில், எடைப் பயிற்சிக்குப் பிறகு 5.6 கிராம் குடித்தவர்களுக்குத் தசைப் புரத உருவாக்கம் சுமார் 22 சதவீதம் கூடியது, ஆகவே பலனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒப்பீடு பி.சி.ஏ.ஏ. இல்லாத வெறும் பானத்தோடு. ஒன்பதும் உள்ள முழுப் புரதம் அதைவிட நன்றாகவே வேலை செய்கிறது. பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் 25 கிராமில் 5, 6 கிராம் பி.சி.ஏ.ஏ. தானாகவே இருக்கிறது, கூடவே மீதி ஆறும்!

வலி குறையுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் மாதம் குறைந்த மாதிரிதான் எனக்கும் இருந்தது. அதனால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, அதே எடையில் அதே ஸ்குவாட் செட்களைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கும்போது தொடையில் அதே பிடிப்பு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதே நிதானத்தில்தான் இறங்க முடிந்தது. ஆய்வுகளில் வலி கொஞ்சம் குறைவதாகத் தெரிகிறது, ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக மாதாமாதம் ஒரு டப்பா வாங்குவேனா என்றால், மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிப்போன விஷயம் இது. எங்கள் ஜிம்முக்குப் புதிதாக வரும் ஒரு தம்பி பி.சி.ஏ.ஏ., அப்புறம் வேறு இரண்டு அமினோ அமிலங்களான குளூட்டமின், ஆர்ஜினின் என்று மூன்று டப்பா வைத்திருந்தான். "அண்ணா, இன்னும் உடம்பு ஏறவே இல்லை" என்றான். பெஞ்சில் உட்கார வைத்து, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், கொஞ்சம் பருப்பு, ஒரு துண்டு கோழி. மற்றதையெல்லாம் சேர்த்தும் புரதம் 60 கிராமைத் தாண்டவில்லை. எடைப் பயிற்சி செய்பவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரைக்கும் புரதம் கூடக்கூடத் தசைக்குப் பலன் இருக்கிறது. அவன் 68 கிலோ, அப்படியென்றால் 109 கிராம். தினமும் ஐம்பது கிராம் பள்ளம், அதை ஏழு கிராம் பவுடரால் எப்படி நிரப்புவது? இதை விற்றவர்கள் யாரும் அவனிடம் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மற்ற டப்பாக்களைப் பற்றிச் சுருக்கமாக. குளூட்டமின் ஆரோக்கியமானவர்களுக்குத் தசை வளர்ச்சியில் உதவுவதாகக் காணோம், வாயால் சாப்பிடுவதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலுமே எடுத்துக்கொள்ளும். ஆர்ஜினினும் ஏறக்குறைய அதே கதை, ரத்தத்தில் ஆர்ஜினினைக் கூட்ட, உடம்பு ஆர்ஜினினாக மாற்றிக்கொள்ளும் சிட்ருலின்தான் மேல், ஆனால் அதன் முடிவுகளும் எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி வரவில்லை. பீட்டா அலனின் மட்டும் வேறு, ஒன்றிலிருந்து நான்கு நிமிடம் வரை முழு மூச்சாகச் செய்யும் பயிற்சிகளுக்கு, சில வாரம் தொடர்ந்து எடுத்தால் உதவும். முகத்தில் சுருசுருவென்று ஊறும், பயப்பட வேண்டாம். கிரியேட்டின் உடம்புக்குள் மூன்று அமினோ அமிலங்களிலிருந்துதான் உருவாகிறது, தினம் 3 முதல் 5 கிராம், இந்த வரிசையிலேயே ஆதாரம் அதிகம் உள்ளது அதற்குத்தான்.

அமினோ அமிலம்தான் வேண்டும் என்றால் ஒன்பதும் உள்ள இ.ஏ.ஏ. வாங்குங்கள். பசி குறைந்துபோன வயதானவர்களுக்கும், அதிகாலையில் எதுவும் வயிற்றில் தங்காது என்பவர்களுக்கும் அதற்கு நியாயம் இருக்கிறது. சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

புரோட்டீன் பவுடருக்கு மாறுபவர்கள் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். வழக்கமான புரதச் சோதனை நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது, அதனால் நைட்ரஜன் உள்ள, விலை மலிவான கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைக் கலந்துவிட்டால் புரதம் அதிகம் இருப்பதுபோல் காட்டும். 25 கிராம் வே புரதத்தில் லூசின் இரண்டரை கிராம் அளவுக்காவது இருக்க வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது முட்டையைக் கூட்டிவிட்டான், தினம் எழுதியும் வைக்கிறான். சலுகையில் சேர்த்து வாங்கிய இன்னொரு டப்பா என்னிடம் இருந்தது, சீலைப் பிரிக்காமலேயே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.