பி.ஓ.இ. சீலிங் லைட்: கஞ்சிக்கோட்டு வெயிலிலும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் எது தாங்கியது, எது போனது

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு–வாளையார் சாலையோரம் இரண்டு தள வணிகக் கட்டடம். தளத்துக்கு 40 வீதம் 80 பேனல் லைட், ஒவ்வொன்றும் இரண்டுக்கு இரண்டு அடி, 36 வாட். இந்த 80இல் எதற்கும் 230 வோல்ட் வயர் கிடையாது. ரேக் என்ற இரும்பு அலமாரியிலுள்ள பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்: நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம்) நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து கேட்6 கேபிள் வழியாக 50 வோல்ட்டுக்குச் சற்று மேலான டி.சி. மின்சாரமும் ஏற்று, அணை, மங்கலாக்கு என்ற கட்டளையும் ஒன்றாகவே சீலிங்குக்குப் போகின்றன. மேலே நோட் என்ற சின்னப் பெட்டி அதை வாங்கி எல்.இ.டி.க்கு வேண்டிய கரண்டாக மாற்றிக் கொடுக்கிறது. பல மழைக்காலம் ஓடியபின் சொல்ல வேண்டியது இதுதான்: எல்.இ.டி. போவது அபூர்வம். போவதெல்லாம் ரேக்கிலும் பிளக்கிலும். விற்பவர் காட்டும் டெமோவில் இந்த இரண்டும் கண்ணில் படுவதே இல்லை.

முதல் சிக்கல் வாட் கணக்கில் வருகிறது. 2003இல் வந்த முதல் பி.ஓ.இ. தரம் ஸ்விட்சின் ஒரு போர்ட்டுக்கு (கேபிள் சொருகும் சாக்கெட்டுக்கு) 15.4 வாட்தான் கொடுத்தது. 2009இல் அது 30 ஆனது. இந்த அளவு பேனலை முழு வெளிச்சத்தில் எரிக்க 2018இன் 802.3பி.டி. தரம் வேண்டும். அதில் சாதனங்களை மின்தேவைப்படி வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; 5ஆம் வகுப்புச் சாதனத்துக்கு ஸ்விட்ச் 45 வாட் ஒதுக்கும், கேபிள் இழப்பு போக 40 வாட் மேலே சேரும். 36 வாட் பேனலும் நோடும் அதற்குள் அடங்கும். ஆனால் 24 போர்ட் ஸ்விட்ச் என்றால் 24 லைட் என்று எண்ணிவிடக் கூடாது. மொத்தத் திறன் 740 வாட் என்றால், வகுப்புப்படி ஒதுக்கும்போது 16 லைட்டோடு 720 வாட் தீர்ந்துவிடும். 17ஆவது போர்ட்டில் பிளக்கைச் சொருகினால் லைட் எரியாது, பழுதும் இருக்காது. எல்.எல்.டி.பி. என்ற நெட்வொர்க் நெறிமுறை மூலம் ஸ்விட்சிடம் நிஜத் தேவையைப் பேசி வாங்கும் வசதியை இயக்கினால், லைட்டுக்கு 38 வாட் வீதம் 19 வரை போகலாம். அதனால் ஒரு தளத்தின் 40 பேனலுக்கு இரண்டு ஸ்விட்ச் போதாமல் போகும். மூன்றாவதாக ஒன்று வேண்டும், அல்லது உச்ச வெளிச்சத்தை 90 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். இரண்டாவது வழியைத் தயங்காமல் எடுக்கலாம். 90க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது கேபிள். கோவையில் பாதி விலைக்குக் கிடைக்கும் 305 மீட்டர் பெட்டிகளில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. கம்ப்யூட்டருக்கு ஒப்பேறலாம், லைட்டுக்கு ஆகாது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். இன்னும் உறுதியாகப் பார்க்க, கேபிளை வெட்டத் தொடங்கும் முன் அதனுள்ளிருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒரு ஜோடியின் ஒரு முனையை முறுக்கி இணைத்து, மறுமுனையில் மல்டிமீட்டர் வைக்கவும். 23 கேஜ் (கம்பித் தடிமன்) முழுச் செம்பில் 305 மீட்டருக்கு 41 முதல் 43 ஓம் வரும். அலுமினியக் கலப்பில் 60ஐத் தாண்டும். நல்ல கேபிளில் 50 மீட்டர் தூரத்துக்கு நான்கு ஜோடியிலும் சேர்த்து ஒரு ஆம்பியர் ஓடினால் இழப்பு 1.7 வாட் அளவுதான். மெல்லிய 26 கேஜ் பேட்ச் கேபிளை நீளமாக இழுத்தால் இது இரட்டிப்பாகும்.

இந்த இழப்பு முழுக்கச் சூடாக மாறும். தகரக் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவிலுள்ள காற்று ஏப்ரலில் 50 டிகிரியை நெருங்கும். சாதாரணக் கேபிளின் வரம்பு 60 டிகிரி. ஒரு கட்டில் 24 கேபிளுக்கு மேல் கூடாது என்பது பொதுவான விதி; இந்தப் பக்கத்து வெயிலுக்கு 12 வைத்து, கட்டும் பிளாஸ்டிக் டேக்கை இறுக்காமல் விட்டால் நல்லது. அழகாக இருக்கிறதே என்று ஐம்பது அறுபது கேபிளை ஒன்றாக இறுக்கிக் கட்டிய வேலைகளில், கட்டின் நடுவிலுள்ள கேபிளின் உறை முதலில் கெட்டிப்படும்.

பிளக் பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். சித்திரை தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்கத் தொடங்கியதும், ஏ.சி. குழாயின் மேலே வியர்த்த தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு அதன் முனையிலுள்ள ஆர்.ஜே.45 பிளக்குக்குள் வரும். நேர்மின் முனையில் இருக்கும் பின்கள் பச்சை பிடித்து அரிக்கும். டி.சி. என்பதால் அரிப்பு எப்போதும் ஒரே பக்கம்தான். நோடுக்குள் நுழைவதற்கு முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கவிட்டால், தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். கைச்செலவு இல்லாத இந்த ஒரு வேலை, விலையுயர்ந்த பிளக்கைவிட அதிகம் காப்பாற்றுகிறது. எரிந்துகொண்டிருக்கும் லைட்டின் பிளக்கைப் பிடுங்குவதும் பின்னைக் கெடுக்கும். பிரியும் கணத்தில் பொறி தட்டி, தங்கப்பூச்சில் கரும்புள்ளி விழும். முதலில் ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை அணைத்துவிட்டுப் பிறகு கழற்றவும். எறும்பும் எலியும் தனிக் கணக்கு. காலியாக இருக்கும் சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி போடவும். எலி நடமாட்டம் உள்ள இடத்தில் ஜி.ஐ. பைப்புக்கு மாற்று இல்லை.

சில இடங்களில் ஆள் இல்லாத கடையில் நள்ளிரவில் லைட் பளிச்சென்று எரிந்து அணையும். வாட்ச்மேன் சொல்லும் காரணம் வேறு. உண்மையில், லைட் இருக்கிறதா என்று ஸ்விட்ச் கரண்டை வைத்துத்தான் அறிகிறது. பழைய தரத்தில் 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே அரை நொடிகூட இறங்கினால் போதும், எதிரில் யாரும் இல்லை என்று எண்ணி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிறகு மறுபடி தேடும், கண்டுபிடிக்கும், கொடுக்கும். நோடு உயிர் பெற்றதும் முழு வெளிச்சத்தில் தொடங்குகிற மாதிரி அமைந்திருந்தால் இந்தக் கண்சிமிட்டல் விடியும்வரை நடக்கும். தொடக்க வெளிச்சத்தைப் பூஜ்யமாக்கினால் கண்ணுக்குத் தெரிவது நின்றுவிடும். நோடின் உறக்க நிலையை நிறுத்தினால் காரணமே போய்விடும்.

ரேக் அறைதான் இந்த அமைப்பின் உயிர்நிலை. ஐந்தாறு ஸ்விட்சும் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து சில நூறு வாட் சூட்டை ஓயாமல் கக்கும். மாடிப்படிக்கு அடியில் ஜன்னலில்லாத சந்தில் ரேக்கை வைத்தால், பவர் சப்ளையின் கெப்பாசிட்டரும் ஃபேனும் முன்னதாகவே போகும். சூடு 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டர் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனவே ரேக் அறைக்கு ஏ.சி. இல்லாவிட்டாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். ஒரு ஸ்விட்ச் போனால் 19 லைட் ஒன்றாகப் போகும். பக்கத்துப் பக்கத்து லைட்டை வெவ்வேறு ஸ்விட்சில் மாற்றி மாற்றி இணைத்தால் எந்த மூலையும் முழுக்க இருளாது. ஸ்விட்சின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் கடையே இருண்டுவிடும். மறுதொடக்கத்தின்போதும் மின்சாரத்தை விடாமல் கொடுக்கும் வசதி சில மாடல்களில் உண்டு; வாங்கும்போதே கேட்டு வாங்கவும். படிக்கட்டையும் கழிவறையையும் மட்டும் பழைய 230 வோல்ட் லைட்டிலும் எமர்ஜென்சி லைட்டிலும் விட்டுவிடுவது நல்லது. சுவரிலுள்ள பட்டனும் நெட்வொர்க் சாதனமே என்பதால், நெட்வொர்க் நின்றால் அதை அமுக்கியும் பயனில்லை.

சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் மாலை இடி இந்தப் பக்கம் பேர்போனது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கேபிள் இழுத்தால் மின்னலை வீட்டுக்கு அழைத்த மாதிரி. அங்கே ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் மட்டுமே போட வேண்டும். மெயின் மின் போர்டில் திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் கருவி, ரேக்குக்குக் கட்டடத்தின் அதே எர்த்தோடு தடித்த இணைப்பு, இரண்டும் வேண்டும். இடிக்குப் பின் போர்ட் இறந்தும் நோடு உயிரோடும் இருக்கலாம். எனவே லைட்டைக் கழற்றும் முன் வேறு போர்ட்டில் மாற்றிப் பார்க்கவும்.

மின்கட்டணச் சேமிப்பு பற்றிய பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். ஸ்விட்சிலும் கேபிளிலும் நோடிலும் போகும் இழப்பைக் கூட்டினால், நல்ல 230 வோல்ட் டிரைவரைவிடப் பெரிய இலாபம் எதுவுமில்லை. லைட் அணைந்திருக்கும்போதும் நோடுக்கு 0.7 வாட் வைத்தால் 80 நோடு மாதம் 40 யூனிட் தின்னும். ஸ்விட்சுகள் அதற்கும் மேல். இரவு போர்ட்டுகளை நேரம் வைத்து அணைத்தால் நோடுகளின் செலவில் கணிசமான பகுதி மீளும். உண்மையான மிச்சம் சென்சாரில் இருக்கிறது: ஜன்னலோர வரிசை பகலில் தானே மங்குவதும், ஆளில்லாத மீட்டிங் அறை தானே அணைவதும். தடுப்புச் சுவரை மாற்றும்போது வயரை இழுக்காமல் எந்த லைட் எந்த பட்டனுக்கு என்று திரையில் மாற்றிவிடலாம் என்பதுதான் வாடகைக் கட்டடக்காரர்களுக்கு இதிலுள்ள நிஜ வசதி. ஒற்றை அறைக் கடைக்கு இது தேவையே இல்லை.

பழுது வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம் கடைசிவரை தீராது. எலக்ட்ரீஷியன், "இது கம்ப்யூட்டர்காரர் வேலைங்க" என்பார். அவரோ, "லைட்டெல்லாம் நாங்க தொடறதில்லைங்ணா" என்பார். ரேக் கதவின் உட்புறம் எந்தப் போர்ட் எந்த சீலிங் கட்டத்துக்கு என்ற வரைபடத்தை ஒட்டி, ஸ்விட்ச் அமைப்பின் நகலைப் பென் டிரைவில் அங்கேயே வைத்துவிட்டால் யார் வந்தாலும் வேலை நடக்கும். உதிரியாக 80 லைட்டுக்கு நான்கு நோடு, ஒரு பவர் சப்ளை, இரண்டு ஃபேன் போதும். நோடை மட்டும் முதல் ஆர்டரிலேயே வாங்கிவிடவும். மாடல் மாறிய பிறகு கிடைக்கும் நோடு பழைய கட்டுப்பாட்டு மென்பொருளோடு பேசாமல் போகலாம்.