அப்பாவுக்குக் கண் லேசர்: 4 ஸ்டார்தான்

அப்பாவுக்கு 20 வருஷச் சர்க்கரை. விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துவிட்டதால் கண்ணுக்கு மூன்று சிட்டிங் லேசர் வைத்தார்கள். தாடையை மெஷினில் வைத்து உட்கார்ந்தால் பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும், கடைசி சிட்டிங்கில் மட்டும் சுருக்கென்று குத்தியதாம். டாக்டர் நிதானமானவர், அவரிடம் குறையில்லை. கவுன்சிலிங்தான் மோசம். லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான், போனதைத் திருப்பித் தராது என்று பணம் கட்டும்வரை யாரும் வாயே திறக்கவில்லை. ஓரத்து விழித்திரையில் ஆயிரத்துக்கும் மேல் புள்ளிகள் சுடுவதால் இருட்டிலும் பக்கவாட்டிலும் பார்வை கொஞ்சம் குறையலாம் என்பதையும் நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது அப்பா ஆறு மணிக்கு மேல் வண்டி எடுப்பதில்லை, வாசல்படியைக் காலால் தடவித்தான் இறங்குகிறார். சரி, பேப்பர் மட்டும் பழையபடி படிக்கிறார்.