அப்பா நிறுத்திய கொழுப்பு மாத்திரை

மூன்று வாரம் லீவு கிடைத்து மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை நெரிசலைத் தாண்டி, தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அப்பாவின் மருந்து டப்பாவைத் திறந்தேன். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு அவருக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. பிரஷர், சுகர், ஆஸ்பிரின் எல்லாம் சரியாக இருந்தது. கொழுப்பு மாத்திரையான அட்டார்வாஸ்டாட்டின் 40 மட்டும் நாலு மாத்திரை பிய்த்த அட்டையாக டப்பாவின் அடியில், எக்ஸ்பைரி முடிந்து கிடந்தது.

"ரிசல்ட்தான் நார்மல் ஆயிட்டே மக்களே, பிறகு எதுக்கு?" என்றார். போன வருடம் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 64 வந்திருக்கிறது. ரத்தம் எடுத்த இடத்திலேயே யாரோ "இனி தேவையில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அந்த 64, மாத்திரை போட்டதால் வந்த 64 என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாளே டெஸ்ட் எடுத்தோம். 128. அந்தத் தாளில் எல்டிஎல்லுக்கு நேராக "130க்குள்" என்று அச்சடித்திருக்கிறது, அப்பா அதை விரலால் தொட்டுக் காட்டி "பாத்தியா" என்கிறார். அந்த அளவு இதய நோய் இல்லாதவர்களுக்கு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 55க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதோடு பழைய அளவில் பாதியாவது குறைய வேண்டும் என்பதுதான் ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டுதல். இதை அந்தத் தாளின் ஓரத்தில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

வீடு தேடி மருந்து கொண்டுவரும் அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியபோது இவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்துவிட்டு, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கொழுப்பு மாத்திரையை அப்பா கடையில் வாங்கிக்கொண்டிருந்ததால், அதை நிறுத்தியது அந்த அக்காவின் கண்ணில் படவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர்தான் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

காலை ஏழரைக்கே போய் ஓபி சீட்டு போட்டோம், டாக்டரைப் பார்க்கும்போது மணி பதினொன்று. ஆனால் அந்த இளம் டாக்டர் அவசரப்படவே இல்லை. மாத்திரை போட்டால் கால் உளைகிறது என்று அப்பா சொன்னதைக் கேட்டு, தசை பாதிப்பைக் காட்டும் சிகே டெஸ்டும் லிவர் டெஸ்டும் எழுதினார், இரண்டிலும் கோளாறு இல்லை. அப்புறம் அப்பாவிடம் ஒன்று சொன்னார்: "ஹார்ட் அட்டாக்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தா முதல்ல 14 மாத்திரை கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, அதுல எட்டு இந்த மாத்திரைதான்." இதயம் காப்போம் திட்டத்தில் கொடுப்பது அதுதான், அட்டார்வாஸ்டாட்டின் 10 எட்டு, குளோபிடோக்ரெல் நாலு, ஆஸ்பிரின் இரண்டு. அப்பா அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

மீன் குழம்புக்குத் தேங்காயைக் குறைத்தால் போதாதா என்று அம்மா கேட்டாள். குறைக்கலாம், நல்லதுதான், ஆனால் கொழுப்பில் பெரும்பகுதியை ஈரலே உண்டாக்குகிறது, மாத்திரை அங்கேதான் வேலை செய்கிறது.

நான் திரும்பி வந்து ஆறு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ரிசல்ட் வந்தது, 64. டாக்டர் கூடவே எசெடிமைப் 10 என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையையும் சேர்த்திருக்கிறார். அப்பா அந்தத் தாளில் "130க்குள்" என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 55 என்று எழுதி அனுப்பியிருந்தார்.