கஹோனுக்கு ஒரு கால் பெடல்: வாசித்துப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

கஹோன் என்னும் மரப்பெட்டித் தாள வாத்தியத்தின் மேல் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு தேவை இருந்துகொண்டே இருக்கிறது. அடித்தொனி, அதாவது ஆழமான பேஸ் ஒலி, விடாமல் ஒலிக்க வேண்டும். அதே நேரத்தில் இரு கைகளும் அதற்குக் கட்டுப்படாமல் வேறு வேலை பார்க்க வேண்டும். முன்பலகையின் நடுப்பகுதியில் உள்ளங்கை விழுந்தால்தான் ஆழமான நாதம் கிடைக்கும். கூர்மையான அடியோ மேல் விளிம்பில் விழ வேண்டும். கை கீழே இறங்கி மீண்டும் மேலே வருவதற்குள் விரல்கள் நிரப்பியிருக்கக்கூடிய நுட்பமான அடிகள் சில விடுபட்டுப் போகின்றன. நீண்ட கச்சேரியில் குனிந்து குனிந்து வாசிப்பதால் இடுப்பும் களைத்துவிடுகிறது. இந்த அடித்தொனியைக் காலிடம் ஒப்படைக்கும் கருவிதான் கேபிளால் இயங்கும் கஹோன் பெடல். மேடையிலும் பயிற்சியிலும் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில், தனி ஒருவராகப் பாடகருக்கோ கிட்டாருக்கோ பக்கபலமாக வாசிப்பவருக்கு இது வாங்கத் தக்க கருவி என்றே சொல்வேன். ஆனால் கைக்குக் கொடுத்த அதே பொறுமையைக் காலுக்கும் கொடுத்துப் பழக வேண்டும்.

டிரம் செட்டில் பெடல் பழையது. அமெரிக்காவில் லுட்விக் சகோதரர்கள் 1909-இல் தொடங்கிய நிறுவனம் பெரிய டிரம்முக்கான பெடலைக் கொண்டுதான் பெயர் பெற்றது. ஆனால் அந்தச் சாதாரணப் பெடலைக் கஹோனில் அப்படியே பொருத்த முடியாது. டிரம் செட்டில் வாத்தியம் வாசிப்பவருக்கு எதிரில் இருக்கிறது. கஹோனிலோ அவர் வாத்தியத்தின் மீதே அமர்ந்திருப்பதால், அடிக்க வேண்டிய பலகை அவருடைய கால்களுக்கு இடையில் வெளிப்புறம் நோக்கி நிற்கிறது. ஆகவே பெடலை இரு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மிதிக்கும் தகடு பெட்டியின் வலப்பக்கத்தில் பாதம் இயல்பாகப் படியும் இடத்தில் இருக்கும். அடிக்கும் கோல் பலகைக்கு முன்னால் ஒரு சிறு தாங்கியில் நிற்கும். மிதிவண்டியின் பிரேக் கம்பியைப் போல, உறைக்குள் ஓடும் கம்பி ஒன்று இரண்டையும் இணைக்கிறது.

இந்தக் கம்பியில்தான் கருவியின் நிறையும் குறையும் இருக்கின்றன. கம்பி அகலமான வளைவாகத் தரையில் கிடந்தால் மிதிப்பது இலகுவாக இருக்கிறது. இடமில்லாத மேடையில் அதை இறுக்கி மடக்கினால் உறைக்குள் உராய்வு கூடி, கோல் திரும்பி வருவது தாமதமாகிறது. நிதானமான காலப்பிரமாணத்தில் இதை யாரும் உணர மாட்டார்கள். விரைவான பாட்டில் இரண்டு அடிகளை அடுத்தடுத்து மிதிக்கும்போது மட்டும், இரண்டாவது அடி சற்று மெலிந்து விழுகிறது. சுருள்வில்லை இறுக்கினால் கோல் விரைந்து திரும்புகிறது. ஆனால் கணுக்கால் அதற்கேற்ப உழைக்க வேண்டியிருக்கிறது. நேரடியாக இயங்கும் டிரம் பெடலின் துல்லியத்தை எதிர்பார்த்து இதை வாங்குபவர் ஏமாற்றம் அடைவார்.

நாதத்தைப் பொறுத்தவரை எனக்கு முழுத் திருப்தி. மென்மையான நுரைப்பந்து பொருத்திய கோல், உள்ளங்கை அடிக்கு மிக நெருங்கிய உருண்டையான ஒலியைத் தருகிறது. டிரம் செட்டுக்கு உரிய கெட்டியான கோலை மாட்டினால் மரத்தில் தட்டும் ஓசை முந்திக்கொண்டு வருவதோடு, மெல்லிய பலகைக்கும் கேடு. கோல் பலகையின் நடுவில் படுமாறு உயரத்தைச் சரிசெய்வதில் சிறிது நேரம் செலவிடுவது வீண்போகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிதித்த பின் பாதத்தைத் தளர்த்தாமல் அழுத்தியே வைத்திருந்தால் கோல் பலகையோடு ஒட்டி நின்று அதிர்வை அடக்கிவிடுகிறது; அப்போது மேலே கை போடும் கூர்மையான அடிகளின் சுருதியும் மாறி, பெட்டிக்குள் பலகையை ஒட்டி இருக்கும் மெல்லிய கம்பிகளின் சலசலப்பும் மங்குகிறது. மிதித்தவுடன் விடுவது பழக்கமாக வேண்டும். இடது குதிகாலால் பலகையை அழுத்திச் சுருதியை உயர்த்தும் பழைய உத்திக்கு இந்தப் பெடல் எவ்விதத் தடையும் செய்வதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

பயிற்சியில் முதலில் எதிர்ப்படுவது, கால் மிதிக்கும்போதெல்லாம் கையும் கூடவே விழுவது. கால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஓர் அடியாக மாறாமல் நடக்க, கை மட்டும் நடைகளை மாற்றிக்கொண்டே போவது இதற்கு நல்ல வழி. சீரான வேகத்தில் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்துத் தொடங்கலாம். குதிகாலைத் தகட்டிலேயே பதித்து முன்பாதத்தால் மிதிப்பதே கஹோனுக்கு ஏற்றது. முழங்காலைத் தூக்கி மிதித்தால் உட்கார்ந்திருக்கும் உடலின் எடை ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வு உடனே கையின் அடியில் கேட்கிறது. கால் தன் போக்கில் நடக்கத் தொடங்கியபின் கிடைக்கும் சுதந்திரம் பெரிது. இடது கையில் குலுக்கி ஒலிக்கும் ஷேக்கரைப் பிடித்துக்கொள்ளலாம், பக்கத்தில் போங்கோ என்னும் சிறு இரட்டை முரசை வைத்துக்கொள்ளலாம், விரல்நுனிகளால் விளிம்பில் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

இடது காலையும் சேர்த்துக்கொள்ள விரும்புவோருக்கு மணியோ மரக்கட்டையோ பொருத்தும் தனித் தாங்கிகள் உண்டு. அவற்றுக்குச் சாதாரண டிரம் பெடலே போதும். கியூப இசையின் கிளாவே தாளத்தை இடது காலில் வாசித்துக்கொண்டே கைகளால் காங்கா என்னும் உயரமான முரசை வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். டிரம் செட்டில் கியூப டிரம்மர் ஓராசியோ எர்னாண்டஸ் இந்த உத்திக்காகவே பெயர் பெற்றவர். ஒரு சுற்றின் பதினாறு நுண்துடிப்புகளில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் விழும் அந்த ஐந்து அடிகளைக் கால் தன்னிச்சையாகப் போடும்வரை கைகளை அதன்மேல் ஏற்றக் கூடாது என்பது என் கருத்து. இது கஹோன் பெடலைவிடப் பல மடங்கு கடினம்.

மேடையில் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. மிதிதகடு வழுக்கும் தரையில் முன்னோக்கி நகர்ந்துவிடுகிறது. பெட்டி, தகடு, தாங்கி மூன்றையும் ஒரே விரிப்பின் மீது வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அடுத்தது மைக். அதைப் பலகைக்கு முன்னால் வைத்தால் பெடலின் இயந்திர ஓசையும் சேர்ந்து ஒலிபெருக்கிக்குப் போகிறது. அடித்தொனிக்கான மைக்கைப் பின்புறத் துளைக்கு அருகில் வைத்தால் ஆழமான ஒலி மட்டும் தெளிவாகக் கிடைக்கிறது.

ஏற்கெனவே ஒரு டிரம்மர் இருக்கும் குழுவில் வாசிப்பவருக்கு இந்தப் பெடல் தேவையில்லை; இரண்டு அடித்தொனிகள் ஒன்றோடொன்று மோதும். மற்றவர்கள் வாங்கும்போது மாற்றுக் கம்பி தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு, கிடைத்தால் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. கம்பி தாங்கியோடு சேரும் முனையில் இழைகள் பிரிவது கண்ணில் பட்டால், அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.