இணையவழி நலவாழ்வுத் திட்டங்கள்: ஆரையம்பதியிலிருந்து ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதியில் வசிக்கும் என் அக்காவுக்கு வெறும் வயிற்றில் எடுத்த குருதிப் பரிசோதனையில் சீனியின் அளவு டெசிலீற்றருக்கு 112 மில்லிகிராம் என்று வந்தது. அது நீரிழிவு அல்ல, ஆனால் அதற்கு முந்திய நிலை என வைத்தியர் விளக்கினார். அக்காவுக்காக இணையவழி நலவாழ்வுத் திட்டங்களை ஆராய்ந்தபோது மூன்று வழிகள் எஞ்சின: டொலரில் சந்தா வாங்கும் வெளிநாட்டு நீள்ஆயுள் திட்டம், வாட்ஸ்அப்பிலும் சூமிலும் தமிழில் வழிகாட்டும் பயிற்றுநர், கட்டணமில்லாத நடைச் செயலியுடன் அரசின் ஆரோக்கிய வாழ்வு நிலையம்.

முதலாவது வகையின் பெருமையெல்லாம் ‘உயிரியல் வயது’ பரிசோதனையில்தான் இருக்கிறது. மரபணுவில் படியும் இரசாயன அடையாளங்களைக் கொண்டு வயதைக் கணிக்கும் இம்முறையை ஸ்டீவ் ஹோர்வத் 2013இல் விரிவாக வெளியிட்டார். ஆய்வுகூடத்துக்கு அது அருமையான கருவி என்றாலும், ஒரே மாதிரியை இருமுறை சோதித்தாலே சில ஆண்டுகள் முன்பின்னாக வரக்கூடும் என்பதால், தனியொருவர் அதை நம்பி முடிவெடுப்பது கடினம். அத்துடன் முதுமையைத் தள்ளிப்போடும் என்று விற்கப்படும் என்.எம்.என். போன்ற மாத்திரைகள் மனித ஆயுளை நீட்டியதாக எந்த ஆய்வும் இதுவரை நிறுவவில்லை. உணவுப் பட்டியலோ ஓட்ஸும் சால்மன் மீனுமாக இருக்கிறது. சிவப்பரிசிச் சோறும் வாவி மீனும் முருங்கையிலையும் எருமைத் தயிரும் உண்ணும் வீட்டுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பயிற்றுநர் வழிக்கு இதைவிட வலுவான ஆதாரம் உண்டு. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்ற இலக்குடன் நேரடி ஆலோசனை பெற்றவர்களிடம் நீரிழிவு உருவாவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரையை உட்கொண்டவர்களிடம் அக்குறைவு 31 சதவீதமே. தென்னிந்தியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், கைபேசிக் குறுஞ்செய்தி பெற்ற ஆண்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் இரண்டாண்டுக்குள் நீரிழிவு வந்தது. அதில் பெண்கள் இடம்பெறாததை அக்காவிடம் மறைக்கவில்லை. எனினும் விடாமல் ஒருவர் நினைவூட்டுவதன் பலன் அதில் தெரிகிறது. ஆனால் பயிற்றுநர் என்று யாரும் தம்மை அழைத்துக்கொள்ளலாம். தம்மை வைத்தியர் என்பவரின் பெயரை இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் பார்க்க வேண்டும். வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை அன்றே விலக்க வேண்டும்.

ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் எடை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். பரிசோதனையோடு சரி, வாரந்தோறும் விசாரிக்க அங்கு ஆளில்லை. செயலியோ அடிகளை எண்ணுமே தவிர, விடியலில் தனியே வீதியில் நடக்கப் பெண்கள் தயங்குவதை அறியாது.

ஆகவே அளவீட்டுக்கு நிலையத்தையும், தொடர் கவனிப்புக்கு மூன்று மாதம் மட்டும் ஒரு பயிற்றுநரையும் தேர்ந்தோம். எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டுவதால், அக்காலம் முடிந்ததும் அதைச் செய்து பார்த்தபின்பே மேற்கொண்டு பணம் கட்டுவோம். பேசிப்பார்த்த நால்வரில் ஒருவர் மட்டும் கட்டணத்தைச் சொல்லும் முன்பே, இரவில் எத்தனை கோப்பை பிட்டு சாப்பிடுகிறீர்கள், அதனுடன் என்ன கறி என்று அக்காவிடம் கேட்டார். அவரையே தேர்ந்தோம்.