பஸ்ஸரா, டார்ச்சா, ஹாம் செட்டா?

அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் உலகச் சாரணர்கள் வானொலியில் சந்திக்கும் ஜோட்டா நடக்கும். அதற்குப் பிள்ளைகளுக்கு மோர்ஸ், அதாவது எழுத்தைப் புள்ளியும் கோடுமாகச் சொல்லும் குறி, பழக்கித் தயார் செய்ய நினைக்கும் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துச் சாரண ஆசிரியருக்கு மூன்று வழி உண்டு.

கவர்ச்சியில் ஹாம் செட்டை, அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் (ஹாம்கள்) பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் கருவியை, மிஞ்ச எதுவும் இல்லை. இரண்டு பனைகளுக்கு நடுவே சுமார் 20 மீட்டர் கம்பி கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா தயார். பகலிலேயே தமிழ்நாட்டின் பல ஊர்களும் இலங்கையும் கேட்கும். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி காதில் விழுந்தால் அது அக்கரை. ஆனால் உரிமம் உள்ள ஹாம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளை தனக்கென்று உரிமம் வாங்க 12 வயது ஆக வேண்டும். மோர்ஸ் தேர்வு இல்லாத ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு என்ற உரிமமும் உண்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளை அதற்கும் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் இல்லாமல் வாக்கி-டாக்கியை வாங்கி அழுத்திவிடாதீர்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் சுற்றும் கரை இது.

டார்ச்சுக்குச் செலவே இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, இரவில் கூண்டுக்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் சேதி சொல்வதும் தெரியும். பத்தே நிமிடத்தில் விளையாட்டு சூடுபிடித்துவிடும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணால் பார்த்துப் பழகும் பிள்ளை புள்ளியையும் கோட்டையும் எண்ண ஆரம்பிக்கிறது. பிறகு ஹெட்போனில் அதே எழுத்து வேகமாக வந்தால், எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

அதனால் என் ஓட்டு பஸ்ஸருக்கு. 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர், தட்டி ஒலியெழுப்ப ஹேக்ஸா பிளேடு துண்டில் செய்த கீ, இவ்வளவுதான். கோடு என்பது மூன்று புள்ளி நீளம், எழுத்துக்கு எழுத்து மூன்று புள்ளி இடைவெளி, சொல்லுக்குச் சொல் ஏழு. எழுத்தை மெதுவாக இழுக்காதீர்கள். முழு வேகத்தில் அடித்து, அடுத்த எழுத்துக்கு முன் நிறைய நேரம் விடுங்கள். 'டா-டி-டா' என்ற மெட்டே கே என்று பதியட்டும். எழுத்துக்கு எழுத்து புள்ளி, கோடு போட்ட அட்டையைச் சுவரில் மாட்டவே வேண்டாம், அதுவும் எண்ண வைக்கும். குரல் இரைச்சலில் மூழ்கும் இடத்திலும் சிறிய செட்டின் மோர்ஸ் பிடிபடும். காது பழகியவனுக்குத்தான் அது பயன்படும்.

இங்கே பஸ்ஸருக்கும் தொல்லை உண்டு. கச்சான் காற்றடிக்கும் கடற்கரையில் அந்தச் சத்தம் எடுபடாது, வகுப்பறையே சரி. உப்புக்காற்றில் கீயின் முனை துருப்பிடிக்கும், வாரம் ஒருமுறை எமரித் தாள் போட வேண்டும்.

போன் செயலி? வீட்டில் தனியாகப் பழக நல்லது. அணியாகச் செய்ய அதில் ஒன்றுமில்லை.

டார்ச்சை முகாம் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துகள் காதில் பதிந்த பிறகு. இரண்டு அணிகளையும் கரைக்கு இணையாக நிறுத்துங்கள். வெளிச்சம் கடல் பக்கம் அடிக்கவே கூடாது. வள்ளத்தில் இருப்பவர் யாரோ உதவி கேட்பதாக நினைத்துக் கரைக்குத் திருப்பிவிடுவார்.