சுரங்கம் வந்த ஊரும் வராத ஊரும்: கொலராடோவின் இரண்டு மலைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரே உலோகம் புதைந்த இரண்டு மலைகள் இருக்கின்றன. லெட்வில் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் பார்ட்லெட் மலை. அதில்தான் கிளைமேக்ஸ் சுரங்கம். கிரெஸ்டட் பியூட் ஊருக்கு மேலே எம்மன்ஸ் மலை. ஊர்க்காரர்கள் அதைச் செவ்வம்மா என்கிற மாதிரி ‘ரெட் லேடி’ என்று கூப்பிடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது மாலிப்டினம். எஃகில் கொஞ்சம் சேர்த்தாலே போதும், வலுவும் வெப்பம் தாங்கும் திறனும் கூடிவிடும். கிளைமேக்ஸை முதல் உலகப்போர்க் காலத்திலேயே குடைய ஆரம்பித்துவிட்டார்கள். எம்மன்ஸில் 1977-ல் நிலத்தடிச் சுரங்கம் வரப்போவதாக அறிவித்தார்கள். அது இன்றுவரை வரவில்லை. அறிவித்தது ஏமேக்ஸ் நிறுவனம், கிளைமேக்ஸை நடத்திய அதே நிறுவனம். அதனால் இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மலையூர் ஒன்றில் சுரங்கம் வரப்போகிறது என்றதும் விவாதம் ‘வேலையா, இயற்கையா’ என்று இரண்டாகப் பிரிந்துவிடும். இதை அப்படிப் பிரித்துப் பார்த்தால் பாதி விஷயம் கண்ணில் படாது. நான் பார்க்க விரும்புவது வேறு மூன்று. உலோக விலை விழுந்தால் ஊர் என்ன ஆகும்? மூடிய சுரங்கத்துத் தண்ணீரை யார், எத்தனை காலம் சுத்தம் செய்வார்கள்? அந்த ஊரில் உழைக்கிறவர்கள் அந்த ஊரிலேயே குடியிருக்க முடியுமா?

முதலில் வேலை. சுரங்கத்தின் பலமான வாதம் அதுதான், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு காலத்தில் உலக மாலிப்டினத்தில் பெரும்பங்கு கிளைமேக்ஸிலிருந்தே போனது. 1980 வாக்கில் அங்கே சுமார் 3,000 பேர் வேலை பார்த்தார்கள். பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டவர்கூட வீடு வாங்கி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் அளவு சம்பளம். லெட்வில் இருக்கும் லேக் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் தேவைப்பட்ட சொத்து வரியில் பெரும்பகுதியைச் சுரங்கமே கட்டியது. எந்த ஓட்டலும் பனிச்சறுக்குத் தளமும் ஒரு தொழிலாளிக்கு இப்படி ஒரு வாழ்க்கையைக் கொடுத்ததில்லை.

அப்புறம் மாலிப்டினம் விலை சரிந்தது. 1982-லிருந்து ஆட்குறைப்பு, மூடல், மறுபடி திறப்பு, மறுபடி மூடல். சில ஆண்டுகளுக்குள் வேலை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. வரி வருமானமும் அதோடு போனது. இருந்த குடும்பங்கள் வீட்டை விற்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். 1995-ல் உற்பத்தி நின்று, 2012-ல்தான் மறுபடி தொடங்கியது, அதுவும் முன்பைவிடப் பல மடங்கு குறைந்த ஆட்களோடு. இடைப்பட்ட காலத்தில் லெட்வில் மக்கள் விடியற்காலையில் மலைக் கணவாய்களைத் தாண்டி, வேய்ல் (Vail), காப்பர் மவுண்டன் போன்ற சுற்றுலாத் தளங்களுக்கு அறை சுத்தம் செய்யவும் சமையல் வேலைக்கும் போய்வந்தார்கள். சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்த ஊரும் கடைசியில் சுற்றுலாவை நம்பித்தான் பிழைத்தது. ஒரே வித்தியாசம், சுற்றுலா லாபம் வேறு ஊரில் தங்கியது.

இதற்கும் சுரங்க நிர்வாகத்தின் நல்லெண்ணத்துக்கும் தொடர்பு இல்லை. தாது மலைக்குள் அப்படியேதான் இருந்தது, தொழிலாளர் திறமையும் அப்படியேதான் இருந்தது. விலை மட்டும் மாறியது. ஒரு சின்ன ஊர் தன் பட்ஜெட் முழுவதையும் ஒரே உலோகத்தின் சந்தை விலையோடு கட்டிப்போட்டால் நடப்பது இதுதான்.

அடுத்தது கழிவு. ‘நிலத்தடிச் சுரங்கம்தானே, மேலே ஒன்றும் தெரியாது’ என்பார்கள். எம்மன்ஸ் மலைத் தாதுவில் மாலிப்டினக் கனிமம் அரை சதவீதத்துக்கும் குறைவு, சுமார் 0.44. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,000 கிலோ பாறையை வெட்டி, மாவாக அரைத்து, மிதக்கவைத்துப் பிரித்தால் கைக்கு வருவது நாலரைக் கிலோகூட இல்லை. மீதி 995 கிலோவும் தண்ணீர் கலந்த சகதி. இதே மாதிரி 15 கோடி டன்னுக்கு மேல் தாது அந்த மலையில் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வெட்டுவது நிலத்துக்கு அடியில் என்றாலும் கொட்டுவது நிலத்துக்கு மேலேதான். எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குக் கிளைமேக்ஸ் தந்த பதிலை 91-ஆம் நெடுஞ்சாலையில் போகிற யாரும் பார்க்கலாம். டென்மைல் பள்ளத்தாக்கு நெடுகிலும் சகதிக் குளங்கள். ராபின்சன், கொகொமோ என்ற பழைய சுரங்க ஊர்கள் அந்தச் சகதிக்கு அடியில் இருக்கின்றன.

‘நிலத்தடி’ என்ற உறுதிமொழியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கிளைமேக்ஸும் நிலத்தடிச் சுரங்கமாகத்தான் தொடங்கியது. கீழே பாறையை உடைத்துச் சரியவிட்டு அள்ளும் முறை என்பதால் மேலே மலை குழிந்தது. 1970-களில் திறந்தவெளியிலும் வெட்ட ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே திறந்தவெளி மட்டும்தான்.

நியாயமாகச் சொன்னால் இதே தொழிலில் இதைவிட நல்ல உதாரணமும் உண்டு. எம்பயர் ஊருக்கு அருகே 1976-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹெண்டர்சன் சுரங்கம். தாதுவை மலைக்கு அடியிலேயே சுரங்கப்பாதை வழியாக மறுபக்கம் கொண்டுபோய், ஊர்களிலிருந்து தள்ளி அரைக்கிறார்கள். இப்போது சுமார் 24 கிலோமீட்டர் கன்வேயர் அந்த வேலையைச் செய்கிறது. மேலே மலையில் ஒரு குழிவு விழுந்திருக்கிறதே தவிர, கிளைமேக்ஸ் அளவுக்குப் பள்ளத்தாக்கு பாழாகவில்லை. ஆரம்பத்திலேயே திட்டமிட்டுப் பணம் போட்டால் சேதத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு ஹெண்டர்சன் சாட்சி. இல்லாமலாக்க முடியாது, குறைக்க முடியும்.

மூன்றாவது தண்ணீர். என் முடிவைத் தீர்மானிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உலோகத் தாது இருக்கும் பாறையில் பெரும்பாலும் இரும்பு சல்ஃபைடும் இருக்கும். மலைக்குள் இருக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. குடைந்து காற்றும் நீரும் உள்ளே போனதும் அது கந்தக அமிலமாகிறது. அமிலம் துத்தநாகத்தையும் கேட்மியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. சுரங்கத்தைப் பூட்டினாலும் இது நிற்காது.

எம்மன்ஸ் மலையில் புதுச் சுரங்கம் வரவில்லை என்றாலும் பழைய ஈயம், துத்தநாகம், வெள்ளிச் சுரங்கங்கள் உண்டு. அவற்றில் ஒன்று கீஸ்டோன். அதிலிருந்து வடியும் அமில நீர், ஊர் நடுவே ஓடும் கோல் கிரீக் ஓடையில் கலந்துகொண்டிருந்தது. ஏமேக்ஸ் 1980-களின் தொடக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டியது. சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, உலோகத்தைச் சேறாகப் படியவைத்து, தெளிந்த நீரை ஓடையில் விடும் வேலை. மழை, பனி, விடுமுறை எதுவும் கிடையாது, ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். செலவு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல். அந்த நிலையம் கைமாறிக் கைமாறி யு.எஸ். எனர்ஜி என்ற சிறிய நிறுவனத்திடம் வந்தது. 2015 வாக்கில் எண்ணெய் விலை சரிந்து அந்த நிறுவனம் நெருக்கடியில் மாட்டியபோது, நாளைக்கு நிலையம் நின்றுபோனால் ஓடையின் கதி என்ன என்று ஊரே பதறியது. 2016-ல் ஃப்ரீபோர்ட்-மெக்மொரான் என்ற பெரிய நிறுவனத்தின் துணை நிறுவனம் பொறுப்பை ஏற்ற பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு சின்னப் பழைய சுரங்கத்துக்கே இந்தப் பாடு.

யாரும் பொறுப்பேற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே மாநிலத்தின் சில்வர்டன் பகுதியில் பார்க்கலாம். 2015 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கைவிடப்பட்ட கோல்டு கிங் சுரங்கத்தின் வாயில் துப்புரவுப் பணி நடந்துகொண்டிருந்தபோது, உள்ளே தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு வந்தது. ஒரு கோடி லிட்டருக்கு மேல். அனிமஸ் ஆறு டுராங்கோ நகரம் வரையிலும் அதைத் தாண்டியும் ஆரஞ்சு நிறமாக ஓடியது. தோண்டி லாபம் பார்த்தவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. செலவு அரசின் தலையில் விழுந்தது.

சரி, கிரெஸ்டட் பியூட் எப்படித் தப்பித்தது? 1977-ல் மேயராக இருந்தவர் டபிள்யூ. மிட்செல், சக்கர நாற்காலியில் இருந்தபடி நாடு முழுக்க இந்தப் பிரச்சினையைக் கொண்டுபோனவர். ஊர்க்காரர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கி வழக்கு, ஆட்சேபம், விளம்பரம் என்று ஒவ்வொரு அனுமதியிலும் தகராறு செய்தார்கள். 1981-ல் ஏமேக்ஸ் பின்வாங்கியதற்கு மாலிப்டினம் விலைச் சரிவு பெரிய காரணம். ஆனால் ஊர் போராடித் தள்ளிப்போடாமல் இருந்திருந்தால், விலை விழுவதற்குள் மலையைக் குடைந்திருப்பார்கள். லெட்விலுக்கு வந்த அதே நாள் இங்கேயும் வந்திருக்கும். போராட்டம் வாங்கிக்கொடுத்தது நேரம். அந்த நேரம் ஊரைக் காப்பாற்றியது.

அதற்கு ஊர் கொடுத்த விலையும் குறைவில்லை. 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்னமும் நடைமுறையில் இருப்பதால் பொதுநிலத்தில் உரிமை கோரியவரை லேசில் அப்புறப்படுத்த முடியாது. 2004-ல்கூட அந்த மலை உச்சியில் 155 ஏக்கரை ஏக்கருக்கு 5 டாலர் கணக்கில் ஒரு சுரங்க நிறுவனத்துக்குப் பட்டா கொடுத்தார்கள். மறுபடி ‘லக்கி ஜாக்’ என்ற பெயரில் திட்டம் கிளம்பியது. 2024-ல் சுரங்க நிறுவனமும் அரசும் நிலத்தை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் அந்த மலையில் சுரங்கம் என்ற பேச்சுக்கே முற்றுப்புள்ளி விழுந்தது. 47 வருடம். எல்லா மலையூருக்கும் இவ்வளவு தெம்பும் பணமும் படித்த கூட்டமும் இருக்காது.

வேண்டாம் என்றதில் இன்னொரு பாதகமும் உண்டு, சுரங்க எதிர்ப்பாளர்கள் அதைப் பேச மாட்டார்கள். மலை அழகாக இருப்பதால் பணக்காரர்கள் இரண்டாவது வீடு வாங்க வந்தார்கள். வாடகை எகிறியது. 2021-ல் குறைந்த வாடகை வீடு கிடைக்காததைக் காரணம் காட்டி நகர நிர்வாகம் அவசரநிலையே அறிவித்தது. ஓட்டல்களில் பரிமாற ஆள் இல்லை. வேலைக்கு வருகிறவருக்குத் தங்க இடம் இல்லை. ஊர் ஒரு தங்கும் விடுதியையே விலைக்கு வாங்கி ஊழியர்களைக் குடிவைத்தது. குடும்பத்தோடு வாழும் அளவு சம்பளம் என்று பார்த்தால் 1980-ன் லெட்வில்தான் ஜெயிக்கும். இதை மறைத்துவிட்டுச் சுற்றுலாதான் மாற்று என்று சொல்வது உழைக்கிறவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால் நான் கிரெஸ்டட் பியூட் பக்கம்தான். வாடகைப் பிரச்சினையை நிலம் ஒதுக்கியும் வீடு கட்டியும் நகர நிர்வாகமே சரிசெய்ய முடியும், பத்து இருபது வருடத்தில். அமிலம் சுரக்கத் தொடங்கிய மலையை எந்த நகர நிர்வாகத்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

மூன்றாவதாக ஒரு வழி மான்டானா மாநிலத்தில் நடைபோட ஆரம்பித்திருக்கிறது. வொயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்ற சுமார் ஆயிரம் பேர் ஊருக்கு வடக்கே பிளாக் பியூட் செம்புச் சுரங்கத் திட்டம். கழிவில் சுமார் 45 சதவீதத்தைச் சிமெண்டோடு குழைத்து வெட்டிய குகைகளிலேயே திரும்ப அடைக்கப்போகிறார்கள். மீதியையும் சிமெண்ட் கலந்து, அடியில் விரிப்புப் போட்ட குழியில் நிரப்புவார்கள். மலை குழியாது, சகதிக் குளம் கிடையாது. கீழே ஸ்மித் ஆறு, டிரவுட் மீனுக்குப் பேர்போனது, படகில் போகவே குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டிய ஆறு. அதனால் எதிர்ப்பும் பலம். மாநில அரசு 2020-ல் அனுமதி கொடுத்தது, 2022-ல் கீழ் நீதிமன்றம் தடுத்தது, 2024-ல் மான்டானா உச்ச நீதிமன்றம் அனுமதி செல்லும் என்றது. பொறியியல் அளவில் நான் இங்கே பேசிய எல்லாவற்றையும்விட இது மேல்.

மான்டானாவில் எனக்குப் பிடித்தது அந்தச் சிமெண்டைவிட 1981-ல் வந்த ஒரு சட்டம். பெரிய சுரங்கம் வருவதற்கு முன்பே, பள்ளிக்கும் சாலைக்கும் ஊருக்கு எவ்வளவு கூடுதல் செலவாகும் என்று கணக்குப் போட்டு நிறுவனம் அதை ஏற்க வேண்டும். சுரங்க வரியில் கவுண்டிக்கு வரும் பங்கில் ஒரு பகுதியைத் தொடாமல் எடுத்துவைத்து, சுரங்கம் மூடும்போதோ ஆட்குறைப்பின்போதோதான் செலவழிக்க முடியும். பிளாக் பியூட்டில் செம்பு பத்துப் பதினைந்து வருடத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகும் அங்கே தண்ணீரைக் கண்காணிக்க வேண்டியிருக்கும். அதற்கான பிணைத்தொகையையும் இந்த வரி சேமிப்பைப் போலவே முதல் லாரி உள்ளே போவதற்கு முன்பு முழுசாக வாங்கி வைத்தால், இந்தத் திட்டத்தை நான் எதிர்க்க மாட்டேன். ஒரு ரூபாய் குறைந்தாலும் எதிர்ப்பேன்.